ஒன்றாம் நம்பர் பஸ் ரூட்டில் ஓடிய அரை மராத்தான்

வேலூரில் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். பத்தொன்பது வருட சர்வீஸ். இந்த ஜனவரியில் இதய ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக நம் ஊரில் நடந்த அரை மராத்தானில் ஓடினேன். கோட்டை மைதானத்தில் புறப்பட்டு, காட்பாடி ஓடைப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பி, மறுபடி கோட்டையைத் தாண்டி பாகாயம் பக்கம் போய்த் திரும்பி, மைதானத்திலேயே முடிவு. 21.0975 கிலோமீட்டர். சுருக்கமாகச் சொன்னால் நான் தினமும் டிக்கெட் கொடுக்கிற ரூட்.

அடுத்த வருடமும் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். “சேரலாமாண்ணே, 900 ரூபாய்க்குத் தகுமா, கொடுக்கிற காசு ஒழுங்காப் போய்ச் சேருமா” என்று டிப்போவிலும் வண்டியிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நைனா, அதாவது என் அப்பா, இதே ரூட்டில் டிரைவராக இருந்தவர். அப்போது இது பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம். 1994-ல் ஒரு நாள் விடியற்காலை முதல் சிங்கிள், அதாவது முதல் நடை, எடுத்தவர், விருதம்பட்டு தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். அப்புறம் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார். அவருக்கு 52 வயது, நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வண்டியில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்களாம். தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள், ஆட்டோ பிடித்தார்கள். நெஞ்சில் கையை வைத்து அழுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், பதிவுப் படிவத்தில் இருந்த ஒரு கேள்வி. “அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்கு முன்பும், அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்ததுண்டா?” ஆமாம் என்று போட்டால், அல்லது 40 வயதைத் தாண்டியிருந்தால், டாக்டர் கடிதம் இல்லாமல் நம்பர் கிடையாது. எனக்கு 47. இரண்டு வகையிலும் மாட்டினேன். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஓடுவதற்குக் காசும் கொடுத்து, கடிதத்துக்கு வேறு அலைய வேண்டுமா என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் ரத்த அழுத்தம் 150/96. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் மூன்றும் எடுத்தார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து 128/82 வந்த பிறகுதான் டாக்டர் கையெழுத்துப் போட்டார். பதிவை ஐந்து மாதம் முன்னாடியே திறந்திருந்ததால் இதற்கு அவகாசம் இருந்தது. வேறு சில ஓட்டங்களில் “என் உடம்புக்கு நானே பொறுப்பு” என்று ஒரு பெட்டியில் டிக் அடித்தால் போதும், விட்டுவிடுவார்கள். இங்கே கேட்டார்கள். அந்தக் கேள்வி இல்லையென்றால் இன்றைக்கும் 150-ஓடுதான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருப்பேன்.

நம்பர் வாங்குவது முந்தின நாள் சனிக்கிழமை. வெறுமனே நம்பரையும் டி-ஷர்ட்டையும் கொடுத்து அனுப்பிவிடவில்லை. ஒரு இதய டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் ஒரு விஷயம் என்னை உட்கார்ந்த இடத்தில் நிமிர வைத்தது. ஜெரி மாரிஸ் என்று இங்கிலாந்தில் ஒரு டாக்டர். லண்டன் மாடி பஸ் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து 1953-ல் வெளியிட்டார். ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே ஷிஃப்ட். ஆனால் உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர்களுக்குக் குறைவு. உடம்பை அசைப்பதற்கும் இதயத்துக்கும் இருக்கிற சம்பந்தத்தை எண்ணிக்கையில் காட்டிய முதல் பெரிய ஆய்வுகளில் ஒன்றாம் அது. அதோடு விடாமல் யூனிஃபார்ம் அளவுப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். டிரைவர்களின் இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே கண்டக்டர்களை விட அதிகமாக இருந்ததாம். அப்படியானால் உட்கார்ந்த வேலை மட்டும்தான் காரணமா, ஆரம்பத்திலிருந்தே வித்தியாசமான உடம்பா என்று தன் முடிவையே மறுபடி சோதித்திருக்கிறார். ஆராய்ச்சி என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எங்கள் டிப்போவிலும் துணி அளவெடுத்த நோட்டு இருக்கிறது. நைனாவின் அளவும் ஏதோ ஒரு பழைய நோட்டில் இருந்திருக்கும். கூட்டம் முடிந்தும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

இன்னொரு எண்ணையும் சொன்னார். 52 நாடுகளில் எடுத்த ஓர் ஆய்வில், நம் தெற்காசியக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறது. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தொப்பை, உடலுழைப்பு இல்லாமை, காய்கறி பழம் சாப்பிடாதது, இவைதான் பெரும் பகுதிக்குக் காரணமாம்.

பேச்சு முடிந்ததும் பொம்மையை வைத்து சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி, சொல்லிக்கொடுத்தார்கள். மண்டி போட்டு உட்கார்ந்து, நெஞ்சின் நடு எலும்பில் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன் மேல் இன்னொரு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் தோள் பாரத்தை இறக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கினால் பொம்மைக்குள் ‘டக்’கென்று சத்தம் வரும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். நான் முதலில் அழுத்தியபோது சத்தமே வரவில்லை. பலமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையால் அழுத்தாதீர்கள், இடுப்பிலிருந்து வாருங்கள் என்றார்கள். அப்புறம் வந்தது. இரண்டு நிமிடம் விடாமல் செய்ததில் சட்டை நனைந்துவிட்டது. நின்றுபோன இதயத்துக்கு ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்றார்கள். விருதம்பட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கு ஆட்டோ எத்தனை நிமிடம் எடுத்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. ஷாக் கொடுக்கிற ஏஇடி பெட்டியையும் திறந்து காட்டினார்கள். திறந்தால் அதுவே பேசுகிறது. எங்கே ஒட்ட வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று சொல்கிறது. ஷாக் தேவையா இல்லையா என்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டில் ஒன்று, காட்பாடி டிப்போவில் ஒன்று வைக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிறு காலை 5:15-க்குக் கொடி அசைத்தார்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிசகவில்லை. டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் கூட இவ்வளவு சரியாக இருக்க மாட்டார்கள். வேலூர் வெயிலில் ஓட வேண்டுமென்றால் ஜனவரி, அதுவும் சூரியன் வருவதற்கு முன்னால் என்பது சரியான முடிவு. மக்கான் சந்திப்பில் 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் இருட்டில் நின்றது. சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் அந்த நேரத்துக்கே ஆட்கள். அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள், கையில் பெரிய எக்ஸ்ரே கவரோடு நடைபாதையில் நின்று எங்களைப் பார்த்தார்கள். தினமும் என் வண்டியில் ஏறுகிறவர்கள்தான். இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை 1961-ல் நடந்தது இந்த ஆஸ்பத்திரியில்தான். ‘சிஎம்சி இறங்கு’ என்று ஆயிரம் தடவை கத்தியிருக்கிறேன். இதற்காக ஓடிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டியது வேறு மாதிரி இருந்தது.

கிரீன் சர்க்கிளில் பாதையைக் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள், போலீஸும் நின்றது. ஆனால் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியே வரும் வெளியூர் வண்டிகள் இரண்டு இடத்தில் எங்கள் குறுக்கே வந்தன. டிரைவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். பாலாற்றுப் பாலத்தில் இடது பக்கம் முழுவதும் எங்களுக்கே. கீழே வெறும் மணல், அதன் மேல் லேசான பனி. விருதம்பட்டு வந்ததும் நான் நின்றேன். அரை நிமிடம்தான். நைனா வண்டியை ஓரம் கட்டிய இடத்துப் புளியமரம் இப்போது இல்லை, ஒரு செல்போன் கடை இருக்கிறது. அப்புறம் சில்க் மில், காந்தி நகர், ஓடைப் பிள்ளையார். ரயில்வே மேம்பாலத்தில் ஏற விடாமல் அதற்கு முன்பே திருப்பிவிட்டார்கள். அந்த ஏற்றத்தை வைத்திருந்தால் பாதிப் பேர் திணறியிருப்பார்கள்.

மருத்துவ ஏற்பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேஜை, நடுவில் ஏஇடி பெட்டியோடு பைக்கில் ஆட்கள், இரண்டு ஆம்புலன்ஸ். பாகாயத்திலிருந்து திரும்பி வரும் வழியில் தொரப்பாடிக்கு முன்னால் எனக்கு மூச்சு இரைத்தது. ஒரு நர்சிங் மாணவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அண்ணா, ஒரு நிமிஷம். கையைக் குடுங்க.”

இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து வாட்சைப் பார்த்தாள். பதினைந்து விநாடியில் 43. நாலால் பெருக்கினால் 172.

“வயசு என்னாண்ணா? 47-ஆ? 220-ல கழிச்சா 173. தோராயக் கணக்குதான், ஆனா நீங்க உச்சத்துல இருக்கீங்க. நடங்க. ஒரு வாக்கியம் முழுசா திக்காம பேச வர்ற வரைக்கும் நடங்க.”

என்ன பேசுவது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “பழைய பஸ் ஸ்டாண்டு, ராஜா தியேட்டர், சிஎம்சி, நேஷனல்...” நேஷனலில் மூச்சு அறுந்தது. நடந்தேன். தொரப்பாடி தாண்டிச் சொல்லிப் பார்த்தபோது பாலாற்றுப் பாலம் வரை வந்தது. வேலப்பாடியில் ஒரே மூச்சில் ஓடைப் பிள்ளையார் வரை சொல்ல முடிந்தது. அப்புறம்தான் மெதுவாக ஓட ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது கூட இருக்காது. ஒரு ஓட்டக்காரனை நிறுத்தி நடக்க வைக்கும் தைரியத்தை அவளுக்குக் கொடுத்தவர்களைத்தான் இந்த ஏற்பாட்டில் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெரிய குறை தண்ணீர். கடைசி ஐந்து கிலோமீட்டரில் இரண்டு மேஜைகளில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வேகமாக ஓடுகிறவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் இருக்கிறவர்கள், வெயில் ஏறிய பிறகு வருகிறவர்கள், எங்களுக்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். எனக்கு முன்னால் போன ஒரு பெரியவர் டீக்கடையில் நின்று கெஞ்சி வாங்கிக் குடித்தார். கடைக்காரர் எனக்கும் ஒரு சொம்பு நீட்டினார், காசு வாங்கவில்லை. வெறும் தண்ணீரை மட்டும் மொண்டு மொண்டு குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவே ஆபத்தாகும் என்று முந்தின நாள் அவர்களே சொன்னார்கள். ஆனால் உப்புக் கரைசல் மேஜை பாதியில் ஒன்றே ஒன்றுதான். கடைசியில் வருகிறவர்களுக்கென்று கால் பங்கை எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். இது பெரிய செலவில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். டி-ஷர்ட் துணி நன்றாக இருக்கிறது, அளவு ஒரு சுற்றுச் சிறியது, பெரியதாகக் கேளுங்கள். மெடல் கனமானது. முடிந்த பிறகு கிரீம் பிஸ்கெட்டும் சர்க்கரை பானமும் கொடுத்தார்கள். இதய ஆராய்ச்சிக்கு ஓடியவனுக்கு வாழைப்பழமும் வேர்க்கடலையும் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழும் கொடுத்திருக்கலாம், நம் ஊரில் இதற்கா பஞ்சம். வீட்டுக்காரம்மா 5 கிலோமீட்டர் நடைப் பிரிவில் வந்தாள். பெண்களுக்குக் கழிப்பறை போதவில்லை, இருபது நிமிடம் வரிசையில் நின்றோம் என்றாள். இதைக் கட்டாயம் சரி செய்ய வேண்டும். ஷூவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: என் தங்கை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். அவள் சொன்னது, சாயங்காலம் போய் வாங்கு, கால் வீங்கியிருக்கும்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். 2,400 ரூபாய் ஷூதான், ஒரு நகம் கூடக் கறுக்கவில்லை. என் நேரம் 2 மணி 38 நிமிடம்.

இனி பணம். இதுதான் எல்லோரும் கேட்பது.

திரட்டிய பணம் ருமாட்டிக் இதய நோய் ஆராய்ச்சிக்குப் போகிறது. குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வருகிறது, ஒரு வகைக் கிருமி. சரியாக மருந்து கொடுக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக மாறி, அது இதய வால்வைக் கெடுக்கிறது. மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று டாக்டர்கள் சொல்வார்களாம். வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, வருடக் கணக்கில். இடநெருக்கடியான வீடுகளில் இருக்கும் பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. விலை குறைந்த மருந்து இருந்தும் வால்வு கெடுகிறது என்றால், அதைத் தடுப்பது எப்படி என்று ஆராய்வதற்குக் காசு கொடுப்பது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

கணக்கும் காட்டினார்கள். ஓட்டம் முடிந்து ஆறு வாரத்தில் எல்லோருக்கும் வரவு செலவு அனுப்பினார்கள். டி-ஷர்ட், மெடல், நேரம் பார்க்கும் சிப், பந்தல், ஆம்புலன்ஸ் எல்லாம் நுழைவுக் கட்டணத்திலிருந்தும் விளம்பரதாரர்களிடமிருந்தும். நன்கொடை தனிக் கணக்கில், அதிலிருந்து ஒரு ரூபாய் செலவு எழுதவில்லை. இது உண்மையிலேயே பெரிய விஷயம்.

என் மனத்தாங்கல் ரசீதில். நான் 112 பேரிடம் 27,460 ரூபாய் திரட்டினேன். டிரைவர்கள், மெக்கானிக்குகள், டீக்கடை, தினமும் ஏறும் பயணிகள். அவரவரால் முடிந்ததைக் கையில் கொடுத்தவர்கள். கண்டக்டர்கள் டிக்கெட் கணக்கு எழுதுகிற வே பில் மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, வரிசை எண், பெயர், தொகை எழுதினேன். ஆனால் அவர்கள் ஏற்பாட்டில் பணம் ஆன்லைனில் மட்டும்தான். வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதுக்கு பான் நம்பர் கேட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து என் பெயரில் யூபிஐயில் கட்டினேன், 27,460-க்கும் என் பெயரில் ஒரே ரசீது வந்தது. நானே கொடுத்தது போல. ஒரு ரூபாய் வாங்கினாலும் டிக்கெட் கொடுக்காமல் நகரக் கூடாது என்று பத்தொன்பது வருடம் பழகியவனுக்கு அது தொண்டையில் முள் மாதிரி நின்றது. ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கு வரிச் சலுகை வேண்டாம், தான் கொடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது, அடுத்த வருடம் எண் போட்ட ரசீதுப் புத்தகம் அச்சடித்துத் தருகிறோம் என்று. முதல் புத்தகம் எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆக, 40 தாண்டியவர்கள் இப்போதே டாக்டரைப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட முடியாதவர்கள் சனிக்கிழமை பயிற்சிக்காவது வாருங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

நோட்டில் 43-ஆம் எண், வேலப்பாடியில் ஏறும் பூக்கார அம்மா. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த 2021-லிருந்து அவர் எனக்குக் காசு கொடுத்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் சுருக்குப் பையை அவிழ்த்து இருபது ரூபாயை எடுத்து, “பஸ்ஸுக்கு மிச்சமான காசுதானே நைனா, இதுல போடு” என்றார். போன வாரம் ஏறியதும், “எங்கடா என் சீட்டு?” என்று கேட்டார். நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, எண் 43, ரூபாய் 20, இதய ஆராய்ச்சிக்கு என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.